பலகை வரைக்கும்

எங்கள் வயதுக்காரர் எத்தனை பேருக்கு இது நினைவிருக்குமோ தெரியாது. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது, பிள்ளைகளுக்கு ஒன்றைக் காட்டுவதற்கென்றே ஒரு குடும்பம் வெளிக்கிட்டுப் போவது ஊரில் நடவாத காரியம். திருவிழாவுக்குப் போனோம். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போனோம். அதற்கு மேல் பயணம் என்று ஒன்று இல்லை. இன்றைக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் வானில் ஏறிப் பறவை பார்க்கப் போகிறார்கள், பின்னேரம் வந்து நித்திரையாகிவிடுகிறார்கள். போன இடத்தின் பெயரைக் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது.

நாங்கள் போன இடத்தின் பெயரை நான் மறக்கவில்லை. சுண்டிக்குளம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருடத்து மாசி மாதம் அது. சின்னவளான எனக்கு எட்டு வயது. அக்காவுக்குப் பதினொன்று. தம்பி அப்போதுதான் ஏடு தொடக்கியிருந்தான்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஆனையிறவு உப்பளத்தில் வேலை பார்த்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலேறிக் கொடிகாமத்தில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் அவருடைய சால்வையிலிருந்து ஒரு கைப்பு மணம் வீசும். உப்பு மணக்காது என்று அம்மா சொல்வார். எங்களுக்கு மணந்தது.

அந்தச் சனிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவ முன்னரே மாமா சொல்லத் தொடங்கிவிட்டார்.

"அத்தான், சுண்டிக்குளத்திலை பூநாரை இறங்கியிருக்கு. தண்ணி தெரியேல்லை. ஒரே சிவப்பாய்க் கிடக்கு. பிள்ளையளுக்குக் கட்டாயம் காட்டவேணும்."

"அங்கை இப்ப பறவையளுக்கு வெடிவைக்கேலாதெல்லோ?" என்றார் ஐயா. அவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அரசாங்கம் அந்தப் பக்கத்தைப் பறவைகளுக்கென்று ஒதுக்கிவிட்ட அறிவித்தல் அவருடைய கந்தோருக்கும் வந்திருந்தது. தான் கையில் எடுத்துப் பார்த்த கடுதாசியில் இருந்த இடம் என்பதால் அவருக்கும் ஒரு ஆசை எழும்பிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

"ஓம் அத்தான். பெரிய பலகை ஒண்டு நாட்டியிருக்கினம். பறவையளும் அதை வாசிச்ச மாதிரி அந்தப் பலகைக்குக் கிட்டத்தான் மேயுதுகள்."

ஐயா சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவதென்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. சாவகச்சேரியில் ஒரு வாடகைக் கார் பிடிப்பது. கார் ஓடாத மணல் தொடங்கும் இடத்தில் மாமா ஒரு வண்டிலோடு நிற்பது.

"நானும் மாமாவும் சின்னனுகள் ரெண்டும் போய்வாறம்," என்றார் ஐயா. "மூத்தவள் அம்மாவோடை நிக்கட்டும். மணலிலை அவளுக்கு ஏலாது."

விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நானும் வாறன் ஐயா."

"உனக்கு மாமா பறவையின்ரை சிறகு கொண்டுவந்து தருவார்."

"எனக்குச் சிறகு வேண்டாம். நான் வாறன்."

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. காய்ச்சல் மாறியது, கால் மாறவில்லை. ஊரிலிருந்த பரியாரிமார் எல்லோருடைய எண்ணெயும் அந்தக் காலில் பூசப்பட்டது. ஐயா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போகாத கோயில் இல்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தவர்கள் போல, அவளை அந்தக் கதிரையில் இருத்திவிட்டு, வேண்டியதையெல்லாம் அவளிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவள் தண்ணீர் என்றால் செம்பு வரும். மாம்பழம் என்றால் தோல் சீவி வரும். ஐயா கந்தோரால் வந்ததும் முதலில் போவது அந்தக் கதிரையடிக்குத்தான். சட்டைப்பையில் அவளுக்கென்று தோடம்பழ இனிப்பு இருக்கும். எனக்கும் தம்பிக்கும் அதில் பங்கு கிடைப்பது அக்கா மனம் வைத்தால்தான். எங்கள் வீட்டில் அக்காவைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. அவளைப் பற்றிப் பேசும்போது "ஏலாது" என்ற சொல் இல்லாமல் பேசியவரும் இல்லை.

நான் விளக்கடியில் புத்தகத்தை விரித்து எழுத்துக் கூட்டும்போது அவள் எனக்கு எதிரே இருப்பாள். அதனால் அவளுக்குத் தமிழ் எழுத்து முதலில் தலைகீழாகத்தான் பழகியது. பிறகு நேராகவும் வாசித்தாள். சீனி சுற்றி வந்த கடதாசியைக்கூட விடமாட்டாள்.

பள்ளிக்கூடம் வயல்வெளிக்கு அப்பால் இருந்தது. வண்டில் பாதை ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். பிள்ளைகள் நாங்கள் வயல் வரம்பால் போய், வாய்க்காலைத் தாண்டி, பனங்கூடலுக்குள்ளால் நடப்போம். முந்திய நவராத்திரியில், புத்தகங்களைப் பூசையில் வைத்த அன்று, அக்கா ஐயாவிடம் தானும் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று கேட்டாள்.

"நல்ல கால் உள்ளவையே உந்த வரம்பிலை சறுக்கி விழுகினம் பிள்ளை. இஞ்சை உனக்கு என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை. எனக்குப் போகவேணும்."

"நீ நடந்து போறதை ஊரெல்லாம் வேலிக்கு மேலாலை பாத்துக்கொண்டு நிக்கும். அதை என்னாலை பாக்கேலாது," என்றார் ஐயா. அந்தக் கதை அதோடு முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

ஆனால் மத்தியானத்தில் பெரியவர்கள் கண்ணயரும் நேரம், கிணற்றடிக்குப் பின்னால் வாழைப் பாத்திகளின் வரம்பில் அக்கா நடப்பாள். இடது கையால் இடது தொடையை அழுத்திக்கொண்டு ஒரு அடி. கையை எடுத்து உடம்பை முன்னே எறிந்து அடுத்த அடி. விழுவாள். எழும்புவாள். நான் அதை ஒரு விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு, பின்னால் கெந்திக் கெந்திப் போவேன். அவளுடைய பாவாடையில் இடது தொடைப் பக்கம் உள்ளங்கை அளவு இடம் எப்போதும் நைந்து நூலாகியிருக்கும். தோய்க்கும்போது அம்மா அந்த இடத்தை விரல்களால் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

பயணத்துக்கு முதல்நாள் இரண்டாம் தரம் கதை வந்தபோது அம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"மூத்தவள் வராட்டில் நானும் அவளோடை நிக்கிறன். அப்ப ஆர் உங்களுக்குச் சாப்பாடு கட்டித் தாறது?"

"நீர் கட்டித் தாரும். நாங்கள் கொண்டுபோறம்."

"கட்டமாட்டன்," என்றார் அம்மா.

அம்மா அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஐயாவும் கேட்டதில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. அவர் பேப்பரை மடித்தார். விரித்தார். "சரி, வரட்டும். ஆனால் வண்டிலாலை இறங்கக்கூடாது," என்றார்.

விடியற்காலையில் கார் வந்தது. கறுப்புக் கார். உள்ளே பெற்றோல் மணமும் தோல் இருக்கையின் மணமும் சேர்ந்து, பளைக்குப் போக முன்னரே தம்பிக்கு வயிற்றைப் பிரட்டிவிட்டது. அம்மா ஒரு தேசிக்காயைக் கிள்ளி அவனுடைய மூக்கடியில் பிடித்துக்கொண்டே வந்தார். பளையில் தென்னந்தோட்டங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. தம்பிக்குப் பறவை வேண்டாம், கார் போதும் என்று ஆகிவிட்டது. அக்கா யன்னலோரம் இருந்தாள். ஐயாவின் குடை அவள் மடியில் கிடந்தது. வளைந்த பிரம்புப் பிடி போட்ட பெரிய கறுப்புக் குடை.

இயக்கச்சிக்கு அப்பால் மணல் தொடங்கியது. சொன்னபடி மாமா ஒற்றைத் திருக்கல் வண்டிலோடு நின்றார். கழுத்தில் ஒரு தூரக்கண்ணாடி தொங்கியது. உப்பளத்துப் பெரியவரிடம் இரவல் வாங்கியதாம். அதில் ஒரு குழலுக்குள்ளால்தான் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கார்காரர் ஒரு பனையடியில் துவாயை விரித்துப் படுத்துவிட, நாங்கள் வண்டிலில் ஏறினோம். மாடு மணலில் மெல்ல மெல்லப் போனது. ஈச்சம் பற்றைகள், தாழை, இடைக்கிடை ஒரு ஒற்றைப் பனை. பிறகு எல்லாம் குறைந்து, நிலம் தட்டையாகி, உமரிச் செடிகள் சிவந்து படர்ந்த வெளி வந்தது. அதற்கப்பால் தண்ணீர்.

சேறும் பாசியும் காய்ந்த மணம் காற்றோடு வந்தது. கரையில் உப்பு வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. வண்டில்காரர் மாட்டை ஒரு மரநிழலில் அவிழ்த்துக் கட்டினார். இதற்கு மேல் சக்கரம் புதையும் என்றார்.

"மாமா, நீங்கள் சொன்ன பலகை எங்கை?" என்று அக்கா கேட்டாள்.

"அந்தா பார். மூக்கு மாதிரி மணல் நீட்டிக்கொண்டு நிக்குதெல்லோ, அதின்ரை நுனியிலை. வெள்ளையாய்த் தெரியுது."

"எவ்வளவு தூரம் இருக்கும்?"

"உங்கடை சின்னவள் பள்ளிக்கூடம் போற தூரம் இருக்கும். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

நாங்கள் எல்லோரும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பலகைக்கு அப்பால், தண்ணீரும் வானமும் முட்டுகிற இடத்தில், ஒரு மங்கிய சிவப்புக் கோடு கிடந்தது. அதுதான் பூநாரைகள் என்றார் மாமா. தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கோழியளவு கிட்டத்தில் பார்க்கலாம் என்று நினைத்து வந்தவன்.

"இந்த வெய்யிலிலை உவ்வளவு தூரம் ஆர் நடக்கிறது? தண்ணிக்கரைக்குப் போய் நிண்டு கண்ணாடியாலை பாப்பம்," என்றார் ஐயா. அம்மாவையும் அக்காவையும் வண்டிலடியில் விட்டுவிட்டு நாங்கள் நாலு பேரும் நேரே தண்ணீரை நோக்கி நடந்தோம். காலடியில் உப்புப் பொருக்கு அப்பளம் போல நொறுங்கியது. உள்ளே ஈரம்.

தூரக்கண்ணாடி கை மாறியது. தம்பிக்குத் தன்னுடைய கண்மயிர்தான் தெரிந்தது. எனக்கு ஒரு வளைந்த கழுத்துத் தெரிந்தது, பிறகு மாமாவின் விரல் தெரிந்தது. ஐயா நெடுநேரம் பார்த்தார். கூழைக்கடா எது, நாரை எது என்று மாமா விளங்கப்படுத்தினார். பசி எடுத்தது. திரும்பினோம்.

அம்மா மரத்தடியில் பாயை விரித்து, வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். புளிச்சோற்றுச் சட்டியின் மூடி திறந்திருந்தது. பொரித்த மிளகாய் வாசம் வந்தது. வண்டிலுக்குள் ஒருவரும் இல்லை.

"மூத்தவள் எங்கை?" என்றார் ஐயா.

"நடந்து போட்டாள்."

"எங்கை போட்டாள்?"

அம்மா இலையை வைத்துவிட்டு, கையை நீட்டிக் காட்டினார். கரையோரமாக, அந்த மணல் மூக்கில் பாதித் தூரத்துக்கும் மேலே, ஒரு சின்னக் கறுப்பு உருவம் அசைந்தது. பக்கத்தில் குடை.

"நீர் பாத்துக்கொண்டு இருந்தனீரோ?"

"ஓம். நான்தான் குடையை எடுத்துக் குடுத்தனான்."

ஐயா வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு ஓடினார். அவர் ஓடி நான் அதுவரை கண்டதில்லை. ரயிலுக்குக்கூட அவர் ஓடமாட்டார். முன்கூட்டியே போய் நிற்பார். மாமா தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். நான் அவர்களுக்குப் பின்னால்.

மணலில் அக்காவின் தடம் இருந்தது. வலது காலின் முழுத் தடம். பக்கத்தில் இழுபட்ட ஒரு கீறு. அதற்கடுத்துக் குடை நுனி குத்திய குழி. சில இடங்களில் ஒரு பெரிய கலைவு. அங்கே அவள் விழுந்திருக்கிறாள். ஒவ்வொரு கலைவுக்குப் பிறகும் தடம் திரும்பத் தொடங்கியது. நான் ஓடுவதை நிறுத்தி அதைப் பார்த்தபடி போனேன்.

பலகைக்குக் கொஞ்சம் முன்னால் தரை தாழ்ந்து, கறுத்த சேறாகக் கிடந்தது. அக்கா அதற்குள் இறங்கிவிட்டாள். நாங்கள் கிட்டப் போனபோது அவள் முழங்காலளவு புதைந்து, குடையைக் குத்திக்கொண்டு நின்றாள். குடையும் புதைந்துகொண்டிருந்தது.

"அசையாதை! அப்பிடியே நில்!" என்று ஐயா கத்தினார்.

அந்தக் குரலுக்குப் பறவைகள் எழும்பின. கோடாகக் கிடந்த அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. வெளிறிய உடம்புகள் திறந்து உள்ளே செந்நிறமும் கறுப்புமாகச் சிறகுகள் விரிந்தன. தாரா சத்தம் போல ஆயிரம் சத்தம். காலை நீட்டிக் கழுத்தை நீட்டி எங்கள் தலைக்கு மேலால் போனபோது வெய்யில் மங்கித் திரும்பி வந்தது. தம்பி மாமாவின் தோளிலிருந்து கைதட்டினான். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். கீழே பார்த்தபோது ஐயா சேற்றுக்குள் இறங்கியிருந்தார். அவருடைய ஒரு செருப்பு ஏற்கெனவே காணாமல் போய்விட்டது.

"கையைத் தா பிள்ளை."

"தொடாதேங்கோ ஐயா."

"தாண்டு போவாய், முழுக்கப் புதைஞ்சு போவாய்! கையைத் தா!"

"தொடாதேங்கோ. நானே வாறன்."

அக்கா கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். ஐயா நீட்டிய கையோடு நின்றார். அவள் குடையை விட்டுவிட்டு, முன்னால் குப்புறப் படுத்தாள். வாழைப் பாத்திச் சேற்றில் விழுந்து விழுந்து கண்டுபிடித்த வித்தையாக இருக்க வேண்டும். முழங்கைகளால் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, இறுகிய மணலுக்கு வந்தாள். அங்கிருந்து பலகை கிட்டத்தான். ஊர்ந்து போய்ப் பலகையின் கம்பத்தைப் பிடித்தாள். அதைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். முகத்திலிருந்து பாவாடை வரை கறுப்பு. கண் இரண்டும்தான் வெள்ளை.

ஐயா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"இதிலை என்ன எழுதியிருக்கு ஐயா?" என்று கேட்டாள் அக்கா.

பலகையில் இங்கிலீசில் எழுதியிருந்தது. ஐயா அதை ஏறிட்டுப் பார்த்தார். "இந்த எல்லைக்குள்ளை பறவையளைச் சுடக்கூடாது, பிடிக்கக்கூடாது, முட்டை எடுக்கக்கூடாது எண்டு கிடக்கு."

"நீங்கள் சொன்னபடியால் எனக்குத் தெரியுது. சின்னவள் இன்னும் கொஞ்சக் காலத்திலை தானே வாசிப்பாள். தம்பியும் வாசிப்பான். எனக்கு ஆரும் பக்கத்திலை நிண்டு சொல்லவேணும்." அவள் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்ல கால் நடுங்கியது. "இது பள்ளிக்கூடத் தூரமாம் ஐயா. மாமா சொன்னவர். நான் நடந்திட்டன்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"பள்ளிக்கூடத்தாலை திரும்பியும் வரவேணுமே, பிள்ளை."

"வருவன்."

"இப்பவோ?"

"கொஞ்சம் இருந்திட்டு வருவன்."

மாமா தம்பியோடு முன்னால் போய்விட்டார். நான் போகவில்லை. அந்தத் திரும்பிய நடை எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சேறான இடத்தை ஐயா கம்பொன்றால் குத்திப் பார்த்து, சுற்றிப்போக இறுகிய வழி ஒன்று கண்டுபிடித்தார். சேற்றிலிருந்து குடையைப் பிடுங்கி எடுத்தார். அதன் இரண்டு கம்பிகள் வளைந்துவிட்டன. அக்கா அதை வாங்கி ஊன்றினாள். கொஞ்சத் தூரம் நடப்பாள். இருப்பாள். அவள் இருந்தால் ஐயாவும் மணலில் இருப்பார். கச்சேரிக் கிளாக்கர், ஒற்றைச் செருப்போடு, வேட்டியெல்லாம் சேறாக. ஒரு இடத்தில் அவர் தோளிலிருந்த சால்வையை எடுத்து விரித்து, இரண்டு கையாலும் அவளுடைய தலைக்கு மேலே பிடித்தார். வெய்யில் படாமல் பிடித்தபடியே பக்கத்தில் நடந்து வந்தார். "தூக்கட்டோ?" என்று ஒருதரம் மட்டும் கேட்டார். அவள் தலையாட்டி மறுத்தாள். பிறகு கேட்கவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்தபோது இலைகள் சுருண்டுபோயிருந்தன. அம்மா சாப்பிடவில்லை. குடத்துத் தண்ணீரைச் சரித்து, அக்காவின் காலைத் தன் மடியில் வைத்துக் கழுவினார். குதிக்கால் தோல் உரிந்து இரத்தம் வந்தது. கழுவின அம்மாவின் கை ஒருகணம் நின்றது.

"உமக்கு விசரே?" என்றார் ஐயா. அடங்கிய குரலில்தான். "அந்தச் சேத்துக்குள்ளை தாண்டு போயிருந்தால்?"

"அங்கை சேறு கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சால் நானும் போயிருப்பன்," என்றார் அம்மா. "ஆனால் விட்டிருப்பன். வீட்டுக்குள்ளை அவள் தாண்டு போறதை நான் எத்தினை வருசமாய்ப் பாக்கிறன். உங்களுக்கு அது தெரியேல்லை."

அம்மா சோற்றைக் குழைத்து முதல் உருண்டையை அக்காவிடம் நீட்டினார். வழக்கமாக ஊட்டிவிடுவார். அன்று கையில் கொடுத்தார்.

காரில் வரும்போது தம்பி அக்காவைப் பிடித்துக்கொண்டான். "நீதானே கிட்டப் போனனி. பறவையின்ரை கண் எப்பிடி இருந்தது?"

"நான் பறவையைப் பாக்கேல்லை."

"பொய்! தலைக்கு மேலாலை போச்சுது!"

"சத்தமாய்க் கேட்டது. நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். விழக்கூடாதெல்லோ," என்றாள் அக்கா. தம்பிக்கு அது நம்ப முடியாத மோட்டுத்தனமாகப் பட்டது. கொடிகாமம் வரும்வரை அவளுக்கு அவன் சிறகடித்துக் காட்டிக்கொண்டே வந்தான். அவள் சிரித்துச் சிரித்து, சிரிப்போடு நித்திரையாகிவிட்டாள். முன்னிருக்கையில் ஐயா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்ல முடியாது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. குதிக்கால் பழுத்தது. பரியாரியாரின் எண்ணெய்ப் போத்தல் திரும்ப வந்தது. ஐயாவின் தமக்கை, எங்கள் மாமி, செய்தி கேட்டு ஓடிவந்து முற்றத்தில் நின்று அம்மாவைப் பேசினார். "பெத்த தாயோ நீ? நொண்டிப் பிள்ளையைச் சேத்துக்குள்ளை விட்டிட்டுச் சோறு குழைச்சியோ?" அம்மா அவருக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். கையில் கோப்பையை வைத்துக்கொண்டு தொடர்ந்து பேச மாமியால் முடியவில்லை. ஐயா வீட்டில்தான் இருந்தார். தமக்கைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்தேன். அக்காவுக்கு அந்த எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. புண் ஆறியதும் மத்தியானங்களில் திரும்பவும் வாழைப் பாத்திக்குப் போனாள். இப்போது ஒளித்துப் போகவில்லை. ஐயா விறாந்தையில் இருந்தாலும் அவருக்கு முன்னால்தான் போனாள்.

சித்திரை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் ஒரு மாற்றத்தைக் கண்டேன். வரம்பில் குறுகி இடிந்துபோன இடங்களில் புது மண் போட்டு மிதித்திருந்தது. வாய்க்காலில், நாங்கள் பாய்ந்து தாண்டுகிற இடத்தில், இரண்டு பனங்குற்றிகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. அவற்றின் மேற்பக்கம் தட்டையாகச் செதுக்கியிருந்தது. ஆர் போட்டது என்று பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, விடியப்புறம் நான் கிணற்றடிக்குப் போனபோது, ஐயா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். கந்தோருக்குப் போகிற மனிதர். உள்ளங்கையில் கொப்புளம். என்னைக் கண்டதும், "அக்காவுக்குச் சொல்லாதை," என்றார்.

அவர் பிழையாக நினைத்த காலமெல்லாம் அன்பில்லாமல் நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் பெரியவர்கள் பலபேர் அப்படித்தான். பிள்ளை விழாமல் இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்பது அந்தக் காலத்து வழக்கத்தில் இல்லை.

விடுமுறை முடிந்த முதல் நாள் அக்கா பள்ளிக்கூடம் வெளிக்கிட்டாள். புதுப் பாவாடை. இடது தொடைப் பக்கத்தில் அம்மா உள்ளுக்குள் தடித்த துணி ஒன்று வைத்துத் தைத்திருந்தார். கையில் பூவரசங் கம்பு. குடை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இல்லை. திருத்தக் கொடுத்ததோ எறிந்ததோ தெரியாது. ஐயா கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். அவர் பயந்தபடியே வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின. ஒரு மனிசி வாய்விட்டே கேட்டார்: "என்ன கிளாக்கரையா, இந்தப் பிள்ளையைப் போட்டு ஏன் வதைக்கிறியள்?" ஐயாவின் முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் நின்று, "பள்ளிக்கூடம் போறாள்," என்றார். அவ்வளவுதான். பிறகு நடந்தார்.

பனங்குற்றியில் ஏறும்போது அக்கா அந்தச் செதுக்கலைக் கவனித்தாள். ஐயாவைப் பார்த்தாள்.

அவளை எங்கே இருத்துவது என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. கடைசியில் அரிவரிப் பிள்ளைகளோடு, தம்பியோடு ஒரே வாங்கில் இருத்தினார். பதினொரு வயதுப் பிள்ளை, பால்பல் விழாத பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு தென்னம்பிள்ளை மாதிரித் தெரிந்தாள். அதற்காக அவள் வெட்கப்பட்டு நான் காணவில்லை. அடுத்த வருடம் என்னைப் பிடித்துவிட்டாள். அதற்கடுத்த வருடம் என்னைத் தாண்டிப் போனாள். பிறகு இங்கிலீசு படித்தாள். தபால் கந்தோரில் வேலைக்குப் போய், தந்தி வந்தால் ஊருக்கே வாசித்துச் சொல்கிறவளாக இருந்து, ஓய்வு பெற்றாள். அதெல்லாம் பின்னால் நடந்தது.

நான் சொல்ல வந்தது முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டபோது நடந்ததை. மணி அடித்து நாங்கள் வெளியே வந்தால், ஐயா காலையில் நின்ற அதே புளியமரத்தடியில் நிற்கிறார். வீட்டுக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அக்கா அவருக்குக் கிட்டப் போய் நின்றாள். களைத்திருந்தாள். கன்னத்தில் சுண்ணாம்புக்கட்டித் தூள்.

"நாளைக்கு நீங்கள் வரவேண்டாம் ஐயா," என்றாள்.

ஐயா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரி பிள்ளை," என்றார்.

அடுத்த நாள் காலையில் அவர் வரவில்லை. படலையடியில் கந்தோர் உடுப்போடு நின்றார். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒழுங்கையில் இறங்கி நடந்தோம். வயல் திரும்புகிற முடக்கு வரையும் அவர் அங்கேயே நிற்பார் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவேண்டும் போலிருந்தது. கழுத்தைத் திருப்பினேன்.

அக்கா விடவில்லை. கம்பால் என் காலில் மெல்லத் தட்டினாள்.

"முன்னுக்குப் பாத்து நட," என்றாள்.